மூன்று கடைக் கணக்கு, ஒரே திரை: டாஷ்போர்டு அமைக்கும் முறை

நெல்லை ஜங்ஷனில் ஒரு கடை, பாளையங்கோட்டையில் ஒன்று, தென்காசியில் ஒன்று, பேட்டையில் அல்வா கிண்டும் பட்டறை என்று ஓடுகிற தொழிலில் கணக்கு ஐந்து இடத்தில் கிடக்கும். கடைகளில் பில்லிங் மெஷின், ஆடிட்டருக்காக டேலி என்கிற கணக்கு மென்பொருள், யுபிஐ ஆப், பட்டறை மாஸ்டரின் நோட்டு, மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில் போடும் ராத்திரிக் கணக்கு. இவற்றை ஒரு திரையில் சேர்க்க கூகுள் ஷீட்டும், ஷீட்டில் உள்ளதைத் திரையில் காட்டும் கூகுளின் லுக்கர் ஸ்டுடியோவும் போதும். இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். வேலை முழுக்க அதற்கு முந்தைய படிகளில்தான் இருக்கிறது.

கடை அடைத்ததும் முதலாளி அண்ணாச்சி போனில் கேட்பதை ஒரு வாரம் எழுதிவையுங்கள். "இன்னைக்கு எவ்ளோ யாவாரம்? கையில ரொக்கம் எவ்ளோ? ஜிபே காசு ஏறிட்டா? நாளைக்கு எத்தனை கிலோ கிண்டணும்?" பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். திரையில் வர வேண்டியதும் இந்த நாலுதான். வட்ட வரைபடம், கலர் மீட்டர் எதுவும் முதல் மாதம் வேண்டாம்.

அடுத்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்யுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரே இடம்தான். பல கடைகளில் டேலியில் அன்றைய விற்பனையை ஒரே வவுச்சராக, அதாவது ஒரே பதிவாகப் போடுவார்கள். எந்தச் சரக்கு எவ்வளவு போனது என்பது அதில் இருக்காது. ஆகவே விற்பனை பில்லிங் மெஷினிலிருந்து, கொள்முதலும் செலவும் டேலியிலிருந்து, வரவான பணம் வங்கி ஸ்டேட்மெண்டிலிருந்து, உற்பத்தி பட்டறையிலிருந்து. விற்பனையை டேலியிலிருந்தும் எடுத்தால் ஒரே ரூபாய் இரண்டு முறை கூடிவிடும்.

இனி சரக்குப் பட்டியல். ஜங்ஷனில் 'அல்வா அரை கிலோ', தென்காசியில் 'நெய் அல்வா 500' என்று இருந்தால் ஷீட்டுக்கு அவை இரண்டு சரக்கு. பெயரை நம்பாமல் மூன்று இலக்க எண் கொடுங்கள்: 101 என்றால் அல்வா 250 கிராம், 102 என்றால் 500, 103 என்றால் ஒரு கிலோ. எல்லா மெஷினிலும் அதே எண். பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எடையைக் கிராமில் எழுதுங்கள். பட்டறை கிலோவில் அனுப்புகிறது, கடை பாக்கெட்டில் விற்கிறது. இரண்டையும் கிராமுக்கு மாற்றினால்தான் இருப்பு நேராகும்.

இருப்பு கொஞ்சம் குறைந்தால் உடனே ஆள்மேல் சந்தேகப்படாதீர்கள். 250 கிராம் பாக்கெட்டில் 5 கிராம் கூடப் போட்டால் 400 பாக்கெட்டில் 2 கிலோ காணாமல் போகும். முதலில் தராசைப் பாருங்கள். பிறகு, காலி டப்பாவின் எடையைக் கழித்துவிட்டுத்தான் நிறுக்கிறார்களா என்று பாருங்கள். ஷீட்டில் 'எடைக் கசிவு' என்று தனி வரி வைத்தால் கடைக்குக் கடை வித்தியாசம் தெரிந்துவிடும்.

தேதியில்தான் அதிகம் வழுக்கும். ஜங்ஷன் கடை நள்ளிரவு தாண்டி ஓடினால் 12 மணிக்குப் பிந்தைய பில் மறுநாள் கணக்கில் விழும்; கல்லாவோ முந்தின நாளுடையது. பில் நேரத்தில் 3 மணி நேரத்தைக் குறைத்து 'வியாபார நாள்' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) உருவாக்குங்கள். எல்லாக் கூட்டலும் அந்தப் பத்தியை வைத்தே நடக்கட்டும். ஷீட்டின் செட்டிங்ஸில் லொக்கேலை (எந்த நாட்டு முறை என்பதை) இந்தியா என்று மாற்றாவிட்டால் 05/03 என்பது மே 3 ஆகிவிடக்கூடும். 25/03 தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

யுபிஐ காசைச் சரிபார்க்க இரண்டு தேதி வேண்டும்: விற்ற நாள், வங்கியில் ஏறிய நாள். பல ஆப்கள் அன்றைய வசூலை மறுநாள் ஒரே தொகையாகப் போடும். கார்டில் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதி வரும். ஆகவே பில் பில்லாக ஒப்பிடாமல் ஆப்பின் செட்டில்மெண்ட் அறிக்கையை நடுவில் வையுங்கள். பில்லிங் கூட்டலை அறிக்கையோடும், அறிக்கையை வங்கியோடும் ஒப்பிடலாம். 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை எக்ஸெலில் திறந்தால் 4.12E+11 போலச் சுருங்கித் தெரியும். அப்படியே சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் எண் போயே போய்விடும். திறக்கும்போதே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் ஆக்குங்கள்.

இனி கட்டுமானம். கடைக்கு ஒரு ஷீட், நடுவில் ஒரு மாஸ்டர் ஷீட். டேலி பிரைமில் டே புக் திறந்து ஆல்ட்+ஈ அழுத்தி எக்ஸெலாக எடுத்து அதற்கான தாளில் ஒட்டுங்கள். பட்டறை நோட்டுக்குப் பதில் கூகுள் ஃபார்ம்: சரக்கு எண், கிலோ, எந்தக் கடைக்கு. மூன்றே கேள்வி. மாஸ்டரில், வேறு ஷீட்டிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலாவைப் போட்டு, முதல் முறை 'அலோ ஆக்சஸ்' கொடுத்தால் கடைகளின் தரவு வந்துவிடும். ஆனால் கடை ஷீட்டில் யாராவது நடுவே ஒரு பத்தியைச் செருகினால் ஃபார்முலா தானாக நகராது. அதில் ரேஞ்ச் (எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை என்பது) மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகத்தான் இருக்கிறது. பிழை எதுவும் காட்டாமல் தொகைக்குப் பதில் அளவு வந்து நிற்கும். தலைப்பு வரியையும் பத்திகளையும் பூட்டிவிடுங்கள்.

வந்த தரவைச் சரக்கு வாரியாகக் கூட்டப் பயன்படும் குவெரி ஃபார்முலாவிலும் ஒரு பொறி உண்டு. ஒரு பத்தியில் எண்கள் அதிகமாக இருந்தால் எழுத்தாக இருப்பவற்றை அது காலியாக எடுத்துக்கொள்ளும். ஒருவர் '102 பெரிசு' என்று அடித்தால் அந்தச் சரக்கு எண் காலியாகி, விற்பனை எந்தச் சரக்கிலும் சேராது. டேட்டா வேலிடேஷன் போட்டு, பட்டியலில் இல்லாத எண்ணை ஏற்காமல் செய்யுங்கள்.

லுக்கர் ஸ்டுடியோவில் மாஸ்டர் ஷீட்டை இணைத்தால் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். இந்த வேலைக்கு அது தாராளம்.

நாளைக்கு எத்தனை கிலோ என்பதற்குப் போன வாரச் சராசரி மட்டும் போதாது. குற்றாலம் சீசனில் தென்காசிக் கடை ஓடுவது வேறு, ஐப்பசியில் ஓடுவது வேறு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் ஆண்டுக்கு ஆண்டு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். ஆகவே தேதி, தமிழ் மாதம், விசேஷம் என்று மூன்று பத்தியுள்ள காலண்டர் தாளை வைத்து, தேர் நாளைப் போன வருடத் தேர் நாளோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, தரவு வராத கடைக்கு 0 காட்டக் கூடாது. 'இன்னும் வரவில்லை' என்று சிவப்பில் வரட்டும். 0 என்று கண்டால் வியாபாரம் இல்லை என்று நினைத்து மறுநாள் சரக்கைக் குறைத்துவிடுவார்கள். ஒவ்வொரு கடையிலும் பதிவேற்றும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்து, அவர் லீவு போட்டால் யார் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.