அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்

மதியம் மூன்று மணிக்கு மேல் தலை கனத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறீர்களா? காபியைத் தேடும் முன் காலைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள்.

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அதைக் கொண்டுபோவது ரத்தம்தான். மணிக்கணக்கில் உட்கார்ந்தால், ரத்தத்தை மேலே தள்ளிவிடும் கெண்டைக்கால் தசைகள் சும்மா கிடக்கும். கால்களில் ரத்தம் தேங்கும்.

இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் 15 அலுவலக ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2018-இல் வெளியானது. நான்கு மணி நேரம் எழாமல் உட்கார்ந்தபோது மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 8 நிமிடம் நடந்தும் அந்தச் சரிவு நிற்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை வெறும் 2 நிமிடம் மெதுவாக நடந்தபோதுதான் நின்றது. சின்ன ஆய்வுதான். "இப்படி நடந்தால் ஞாபக மறதியே வராது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிட வேண்டாம்.

அலாரம் வைக்கச் சொல்ல மாட்டேன். நாலு நாளில் அணைத்துவிடுவோம். மேசையில் லிட்டர் பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வையுங்கள். தண்ணீர் தீர்ந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். நடக்க இடமில்லையா, நாற்காலியிலிருந்தே பத்து முறை எழுந்து உட்காருங்கள். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டால் மேசைக்கடியில் குதிகாலை ஏற்றி இறக்கலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.