எதிர்ப்புக்கு நடுவில் சாட்சி சொல்வது எப்படி?

பயம் போன பிறகு இயேசுவைப் பற்றிப் பேசலாம் என்று காத்திருந்தால் வாயே திறக்க மாட்டீர்கள். பைபிளில் அப்போஸ்தலர் 4-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் சீடர்களான பேதுருவையும் யோவானையும் மிரட்டி அனுப்பியபின் விசுவாசிகள் கூடி ஜெபித்ததைப் பாருங்கள். தைரியமாய்ப் பேச பெலன் கேட்டார்கள். அந்த ஜெபத்தை உங்கள் சபையில் இன்னொருவரோடு சேர்ந்து செய்துவிட்டு, இருவராகவே கிளம்புங்கள்.

சாட்சியை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: முன்பு எப்படி இருந்தீர்கள், இயேசுவை எப்படி அறிந்தீர்கள், இப்போது என்ன மாறியது. மூன்று நிமிடம் தாண்டக் கூடாது. சபைக்குள் மட்டும் புழங்கும் சொற்களை அடித்துவிடுங்கள். அடுத்தவர் சாமியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

தெருவைவிட வீடுதான் கடினம். “நாளைக்கு எனக்குக் கொள்ளி போடுவியாடா?” என்று அம்மா கேட்கும்போது வசனம் எடுத்து வாதாடாதீர்கள். அவர் பயப்படுவது மகன் கைவிட்டுப் போவதற்கு. “உன்னை விட்டு எங்கேம்மா போவேன்?” என்று முதலில் சொல்லுங்கள். படையல், விபூதி, காரியம் இவற்றில் எதில் நிற்கலாம், எதில் முடியாது என்பதைப் போதகரிடம் முன்னமே பேசி வையுங்கள். வீட்டில் சாவு விழுந்த அன்று யோசித்தால் தடுமாறுவீர்கள்.

இடமும் நாளும் முக்கியம். மாசி மகத்தன்று கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது அங்கே கைப்பிரதி கொடுப்பது தைரியமல்ல, வம்பு. கைப்பிரதியில் சபையின் பெயரும் முகவரியும் இருக்கட்டும். முகவரியில்லாத தாள்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. எனவே பணம், அரிசி, வேலை என்று எதையும் காட்டாதீர்கள். நோய் கட்டாயம் குணமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெற்றோர் அறியாமல் சிறு பிள்ளைகளிடம் பேசவே வேண்டாம்.

“வேண்டாம்” என்றால் நன்றி சொல்லி நகருங்கள். கூட்டம் சேர்ந்து கத்தினால் பதில் பேசாமல், செல்போனில் படம் பிடிக்காமல் வெளியேறுங்கள். படம் பிடித்தால் கோபம் இரட்டிப்பாகும். கை வைத்தார்கள் என்றால் நேரம், இடம், பார்த்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் அன்றே எழுதி, போதகரோடு காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.