கரைந்துவிட்டால் காணாமல் போய்விட்டது என்று அர்த்தமில்லை

"சர்க்கரை தண்ணீரில் உருகிடுச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், முதல் தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. உருகுவது வேறு, கரைவது வேறு. உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதே உப்பு பச்சைத் தண்ணீரில் கலக்கினாலே கரைகிறது, ஏனென்றால் தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் லேசான எதிர்மின்னூட்டமும் ஹைட்ரஜன் பக்கம் லேசான நேர்மின்னூட்டமும் இருப்பதால், இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கும் சோடியம், குளோரைடு அயனிகளை (மின்னூட்டம் உள்ள துகள்களை) அது ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சூழ்ந்துகொள்கிறது. உப்பு எங்கேயும் போகவில்லை. 100 கிராம் தண்ணீரில் 10 கிராம் உப்பைக் கரைத்து எடை போட்டுப் பாருங்கள், 110 கிராம் இருக்கும்.

சூடாக்கினால் எல்லாமே அதிகமாகக் கரையும் என்பதும் தப்பு. சர்க்கரைக்கு அது சரி. உப்புக்கு அப்படி இல்லை: 100 கிராம் தண்ணீரில் அறை வெப்பநிலையில் 36 கிராம், கொதிக்கும்போது 39 கிராம், அவ்வளவுதான். வாயுக்களோ நேர்மாறு, சூடு ஏறினால் வெளியேறிவிடும்.

பள்ளிப் பாடம்தானே என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். வளர்ந்தவரின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். குளுக்கோஸ், உப்புகள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா எல்லாம் அதில் கரைந்துதான் பயணம் செய்கின்றன. கரையாத கொழுப்பைப் புரதத்தோடு பொதிந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ஆக்சிஜனும் தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், அதைச் சுமக்கத்தான் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற புரதம்.

அதனால் "தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான்" என்று நினைக்காதீர்கள். குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்திலுள்ள சோடியம் நீர்த்துப்போய், செல்களுக்குள் தண்ணீர் புகுந்து மூளை வீங்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்காகத் தாகத்தை அடக்கவும் கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி விஷயம்தான். வயிற்றுப்போக்கில் தண்ணீரோடு உப்புகளும் போய்விடுகின்றன, வெறும் தண்ணீர் அதை ஈடுகட்டாது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகத்தான் உள்ளே இழுக்கப்படுகின்றன, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. இந்தக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் 1 லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கின்றன. சரி, நாம் என்ன செய்கிறோம்? ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கலக்குகிறோம், குழந்தை குடிக்கட்டும் என்று இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை போடுகிறோம், அல்லது ஜூஸில் கலக்கிவிடுகிறோம். கரைசல் அடர்த்தியாகிவிட்டால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இறங்கும், போக்கு இன்னும் கூடும். பாக்கெட்டைப் பாதியாகப் பிரித்துக் கலக்குவதும் வேண்டாம், பொடி சமமாகப் பிரியாது. 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, எனவே உறையில் எந்த அளவு போட்டிருக்கிறதோ அந்த அளவு சுத்தமான குடிநீரை அளந்து ஊற்றி முழுப் பொடியையும் கொட்டிக் கலக்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பதாக இருந்தால் முதலிலேயே கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், கலக்கிய பிறகு சூடாக்க வேண்டாம். குழந்தை வாந்தி எடுத்தால் ஒரு பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.