கியோஸ் தீவுக்குப் போகிறீர்களா? மஸ்திகா தோட்டத்தில் ஆரம்பியுங்கள்

கிரீஸ் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஏதென்ஸ், சாண்டோரினி என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஏஜியன் கடலின் கிழக்கு ஓரத்தில், துருக்கிக் கரையிலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கியோஸ் பக்கம் போகிறவர்கள் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பிசினுக்குப் பேர்போன தீவு இது. அங்கே அதை மஸ்திகா என்கிறார்கள். அந்த மர இனம் மத்தியதரைக் கடலோரம் எங்கும் வளர்கிறது, ஆனால் பிசின் எடுப்பதையே தொழிலாக வைத்து ஊர் ஊராக வாழ்வது கியோஸின் தென்பகுதியில்தான்.

வழக்கமான சுற்றுலாத் திட்டத்தில் முதலில் மடாலயம், அப்புறம் கோட்டை ஊர்கள், நேரம் மிச்சமிருந்தால் தோட்டம் என்று இருக்கும். இதை அப்படியே தலைகீழாக்குங்கள் என்பதுதான் என் யோசனை. அந்த ஊர்கள் ஏன் அப்படிக் கட்டப்பட்டன என்பதற்குக் காரணமே அந்த மரம்தான், அதனால் மரத்தைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போனால் எல்லாம் தானாக விளங்கும்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

விசா, டிக்கெட் எல்லாம் பிறகு. ஜூன் வாக்கில் மரத்தடியைச் செதுக்கிப் பெருக்கி மட்டமாக்குகிறார்கள், அதன் மேல் வெள்ளை மண்ணைச் சலித்துப் பரப்புகிறார்கள் (கால்சியம் கார்பனேட் தூள்தான் அது). ஜூலை நடுவிலிருந்து பட்டையில் கீறல் போடும் காலம். ஆகஸ்ட் நடுவிலிருந்து கெட்டியான பிசினைச் சேகரிக்கத் தொடங்குவார்கள், செப்டம்பரில் இரண்டாவது சுற்று, அக்டோபர் நடுவோடு தோட்டத்து வேலை ஓய்ந்துவிடும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது.

முதல்முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை சரியான நேரம். ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை. அந்த வாரம் வெளியூரில் இருக்கும் உறவுகள் எல்லாம் ஊர் திரும்புவதால் அறை கிடைப்பது கஷ்டம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது படி: விசாவும் வழியும்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விட வேண்டாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம். ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல் ஏறினால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். துருக்கியின் செஷ்மேயிலிருந்து சின்னக் கப்பலும் உண்டு. அந்த வழியில் போய் வர நினைத்தால் துருக்கி விசா தனியாக வேண்டும், நடுவில் துருக்கிக்குப் போய்விட்டு மறுபடி கிரீஸுக்குள் நுழைவதாக இருந்தால் ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: தங்குமிடமும் வண்டியும்

கப்பல் வந்து நிற்கும் கியோஸ் நகரத்திலேயே முழு நாட்களும் தங்காதீர்கள். தெற்கே மெஸ்தா, பீர்கி என்ற மஸ்திகா ஊர்களில் பழைய கல் வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள், இரண்டு இரவாவது அங்கே எடுங்கள். பஸ் உண்டு, ஆனால் ஊர்களுக்குப் போகும் வண்டிகள் குறைவு, அதை நம்பித் திட்டம் போட முடியாது. சின்னக் கார் ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைப்பாதை வளைவுகளில் இது பழக ஒரு நாள் பிடிக்கும்.

நான்காவது படி: விடிகாலையில் தோட்டம்

மஸ்திகா தோட்டத்துக்கு அழைத்துப் போகும் சிறு அமைப்புகள் மெஸ்தா பக்கம் இருக்கின்றன, முன்கூட்டியே பேசிவிடுங்கள். வேலியில்லாத தோட்டம் என்று நீங்களாக நுழைந்துவிடாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம்.

விடிகாலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் பிசின் இளகி ஒட்ட ஆரம்பிக்கும், காலைக் குளிரில்தான் அது மணி மணியாகக் கெட்டியாக இருக்கும். மரம் பெரிதில்லை, ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போகும், அடிமரம் முறுக்கிக்கொண்டு வளைந்திருக்கும். கூர்மையான சின்னக் கருவியால் பட்டையில் மட்டும் கீறுகிறார்கள். அடிமரத்தில் தொடங்கி வாரங்கள் போகப் போகக் கிளைகளுக்கு ஏறுகிறார்கள். ஒரே நாளில் நிறையக் கீறினால் மரம் தாங்காது. கீறிய இடத்தில் தண்ணீர்போலத் தெளிவான ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும், மெல்ல வழிந்து கீழே அந்த வெள்ளை மண்ணில் விழும், இரண்டு மூன்று வாரத்தில் இறுகிவிடும். மண் வெள்ளையாகவும் சுத்தமாகவும் இருப்பதால் பிசினில் அழுக்கு ஏறாது, சீக்கிரமும் காயும்.

குனிந்து பாருங்கள், கையில் எடுத்தும் பாருங்கள், ஆனால் அந்த வெள்ளை வட்டத்தை மிதித்துவிடாதீர்கள். புதிதாகப் போகிறவர்கள் போட்டோ எடுக்கும் அவசரத்தில் சரியாக அங்கேதான் காலை வைக்கிறார்கள். மூடிய ஷூ, தொப்பி, பழைய சட்டை போதும். பிசின் கையில் ஒட்டினால் சோப்பு எடுபடாது, ஆலிவ் எண்ணெய் தேய்த்தால் போய்விடும்.

ஒரு மரத்தில் ஓர் ஆண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால் கிலோவுக்குள்தான். நட்டு ஐந்தாறு வருடம் பொறுத்துத்தான் முதல் கீறலே போட முடியும். 2012 ஆகஸ்டில் வந்த காட்டுத்தீயில் ஏராளமான மரங்கள் எரிந்தபோது அந்த ஊர்க்காரர்கள் எதை இழந்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். காய்ந்த புல் சூழ்ந்த அந்த இடத்தில் தயவுசெய்து சிகரெட் பற்ற வைக்காதீர்கள்.

ஐந்தாவது படி: அன்றே ஊர்களுக்கு

பீர்கிக்கு அருகில் மலைச்சரிவில் 2016இல் திறந்த மஸ்திகா அருங்காட்சியகம் இருக்கிறது. வெயில் நேரத்தை அங்கே கழிக்கலாம்.

சாயங்காலம் மெஸ்தா. 14ஆம் நூற்றாண்டிலிருந்து 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்களுக்கு மஸ்திகா பொன்னுக்குச் சமம், அதைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கவும் கள்ளத்தனமாக வெளியே போகாமல் தடுக்கவும்தான் இந்தக் கோட்டை ஊர்கள். வெளி வரிசை வீடுகளின் பின்சுவர்தான் மதில், அதில் ஜன்னலே வைக்கவில்லை. சந்துகளுக்கு மேல் கல் வளைவுகள். கூரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம், ஆபத்து வந்தால் கூரை மேலேயே ஓடி நடுவிலிருந்த கோபுரத்துக்குள் புகுந்துவிடலாம். அந்தக் கோபுரம் இப்போது இல்லை, அதன் இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் நிற்கிறது. இங்கே மேப்பைப் பார்க்காமல் வழி தவறித் திரியுங்கள், ஊர் சின்னது.

பீர்கியில் அண்ணாந்து பார்த்தபடி நடக்க வேண்டும். கருமையான மணல் கலந்த பூச்சின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, அது காயும் முன் முள்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று சுவர் முழுக்கக் கோலம் போட்டிருக்கிறார்கள். கோடை முடிவில் போனால் பால்கனிகளில் குட்டித் தக்காளிகளைச் சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதையும் பார்க்கலாம். மதியம் 2 மணிக்கு மேல் 5 மணி வரை ஊரே உறங்கும், அந்நேரம் சத்தம் போட வேண்டாம்.

ஆறாவது படி: நெயா மோனி, அனவாதோஸ்

மறுநாள் மலைப்பக்கம். நெயா மோனி 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் ஆதரவில் எழுந்த மடாலயம், 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பொன் பின்னணியில் உள்ள மொசைக் ஓவியங்களைப் பார்க்கக் கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். காலையிலேயே போங்கள், நண்பகலில் மூடிவிடுவது வழக்கம்.

வாசல் பக்கத்துச் சிறு ஆலயத்தில் 1822 படுகொலையில் இறந்தவர்களின் மண்டையோடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே கேமராவை உள்ளே வையுங்கள். ஒட்டோமான் படைகள் தீவையே அழித்த அந்த ஆண்டில், மஸ்திகா ஊர்கள் மட்டும் பெரும்பாலும் தப்பின. அந்தப் பிசின் சுல்தானின் அரண்மனைக்குத் தேவைப்பட்டது. அடுத்துச் செங்குத்துப் பாறை உச்சியில் ஏறக்குறைய ஆளில்லாமல் கிடக்கும் அனவாதோஸுக்குப் போங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் திரும்பும் வழியில், நகரத்துக்குத் தெற்கே, கம்போஸ். உயரமான செந்நிறக் கல் மதில்களுக்குள் ஆரஞ்சு, மாண்டரின் தோட்டங்கள், கிணற்றிலிருந்து மாடோ கழுதையோ சுற்றி நீர் இறைத்த பழைய சக்கரங்கள். ஏப்ரலில் போனால் பூ வாசம் தெருவுக்கே வரும்.

கடைசிப் படி: வாங்குவது எப்படி

1938இல் தொடங்கிய மஸ்திகா விவசாயிகள் சங்கத்தின் முத்திரை உள்ள பெட்டியாகப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் புதிது, நாள்பட நாள்பட மஞ்சளாகும். ஒரு மணியை வாயில் போட்டால் முதலில் நொறுங்கிக் கசக்கும், துப்பிவிடாமல் மென்றால் ஒரு நிமிடத்தில் வெள்ளையாக, மென்மையாகத் திரண்டு பைன் மரவாசம் வரும். வீட்டில் பாயசத்துக்கோ ஐஸ்கிரீமுக்கோ போடுவதானால் முதலில் ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள், இல்லாவிட்டால் உரலோடு ஒட்டிக்கொள்ளும். நாலு பேருக்கு இரண்டு மூன்று சின்ன மணி போதும், கூடினால் கசந்துவிடும்.