பனிக்குத் தூக்காத கல் தளம்: கொல்லைப்புறத்தில் பேவர் பதிப்பது எப்படி?

கனடாவின் ஒன்டாரியோவில், டொராண்டோவை ஒட்டிய மார்கமில் நாங்கள் வாங்கிய வீட்டில் கொல்லைப்புறக் கல் தளம் முன்பே இருந்தது, பார்க்கவும் அம்சமாக இருந்தது. இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரியில் ஒரு காலை, வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளினேன். ஒரு சாண் திறந்ததும் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், ஒரு கல் எழும்பிக் கதவின் அடியை முட்டிக்கொண்டு இருக்கிறது. ஏப்ரலில் அது தானாக இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை. கோடையில் பெயர்த்துப் பார்த்தேன். இரண்டு அங்குலம் பாறைத்தூள், அதற்குக் கீழே புல்வேரோடு கறுப்பு மண். யார் போட்டார்களோ, கல்லுக்கு மட்டும் காசு செலவழித்திருக்கிறார்கள்.

அப்புறம் முழுத் தளத்தையும் எடுத்துவிட்டு நானே திரும்பப் போட்டேன். ஊரில் பேவர் பிளாக் என்போம், டொராண்டோ பக்கம் இன்டர்லாக் என்று கேட்டால்தான் கடையில் புரியும்.

கல் ஏன் எழும்புகிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆனால் தளத்தைத் தூக்குவது அது மட்டும் இல்லை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, களிமண்ணும் வண்டலும் கீழிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் உறையும் இடத்தில் தகடு தகடாகப் பனிக்கட்டி சேரும். தகடு தடிக்கத் தடிக்க மேலே இருப்பதெல்லாம் எழும்பும். தெற்கு ஒன்டாரியோவில் வீட்டு அஸ்திவாரத்தை 4 அடி ஆழத்துக்கு இறக்குவது இதனால்தான்.

கல் தளத்துக்கு யாரும் 4 அடி தோண்டுவதில்லை, தோண்டவும் வேண்டாம். கல்லுக்குக் கீழே தண்ணீர் தேங்காத, நன்றாக இறுகிய ஜல்லிப் படுக்கை இருந்தால் போதும். பனி தூக்கினாலும் தளம் மொத்தமாகக் கொஞ்சம் எழுந்து, மொத்தமாக இறங்கிவிடும். ஒரே பலகையாக ஊற்றிய கான்கிரீட்டுக்கு இப்படி வளைந்து கொடுக்கத் தெரியாது. அது விரிசல் விடும்.

1. மண்வெட்டியை எடுக்கும் முன்

மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் ஒன்டாரியோ ஒன் கால் சேவைக்குச் சொல்லுங்கள். இலவசம்தான், சட்டப்படி கட்டாயமும்கூட. தோண்டும் நாளுக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆட்கள் வந்து புல்மேல் கோடு போட்டுவிட்டுப் போவார்கள்: மஞ்சள் கேஸ், சிவப்பு மின்சாரம், நீலம் குடிதண்ணீர், ஆரஞ்சு தொலைபேசி, இன்டர்நெட். கோட்டுக்குப் பக்கத்தில் கையால்தான் தோண்ட வேண்டும்.

இரண்டு வீடுகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட ஒரு ஆழமில்லாத பள்ளம் விட்டிருப்பார்கள். அதை மூடிவிடாதீர்கள். மூடினால் தண்ணீர் பக்கத்து வீட்டு பேஸ்மென்ட் பக்கம் திரும்பும், அப்புறம் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

2. அளவும் வாட்டமும்

சுவரிலிருந்து 12 அடி, அகலம் 14 அடி என்று ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலை சரிதானா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும்.

வீட்டிலிருந்து வெளியே ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். 12 அடிக்கு 3 அங்குலம் இறங்கும். நடக்கும்போது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். கல்லின் மேல்மட்டம் கதவு நிலைக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். செங்கல் சுவரின் அடிவரிசையில் காற்றுக்காக விட்ட சிறு துளைகளை மறைத்துவிடக் கூடாது.

3. தோண்டுவது

கல்லின் தடிமன் 60 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2⅜ அங்குலம். அதன் கீழே மணல் 1 அங்குலம், ஜல்லி 8 அங்குலம். மொத்தம் பதினொன்றரை அங்குலம். மணற்பாங்கான மண் என்றால் ஜல்லி 6 அங்குலம் போதும். எங்கள் பக்கம் களிமண், அதனால் நான் குறைக்கவில்லை. நீங்கள் தோண்டும் குழிக்கும் அதே வாட்டம் வேண்டும், இல்லாவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும்.

சுவர்ப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஆறு அங்குலம் தள்ளித் தோண்டுங்கள், ஏனென்று பின்னால் புரியும். 12½-க்கு 15 அடி என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 7 கன யார்டு மண். வெளியே வந்ததும் உப்பி 9 ஆகிவிடும். அதை எங்கே கொட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் செய்யவில்லை. மூன்று வாரம் எங்கள் டிரைவ்வேயில் ஒரு குன்று இருந்தது.

புல்வேர், கறுப்பு மண் எதுவும் மிஞ்சக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணைத் தனியாகக் கவனியுங்கள். கட்டும்போது தோண்டி எடுத்துத் திரும்பக் கொட்டி நிரப்பிய மண் அது, வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தை மட்டும் இன்னும் சில அங்குலம் எடுத்துவிட்டு, ஜல்லி போட்டு இடித்துக்கொண்டு வாருங்கள்.

4. துணியும் ஜல்லியும்

குழியின் அடியை ஒருமுறை இடித்துவிட்டு ஜியோடெக்ஸ்டைல் துணியை விரியுங்கள். ஓரங்களில் மேலே ஏறட்டும், துணியும் துணியும் சேரும் இடத்தில் ஓர் அடி மேலே விழட்டும். இது தண்ணீரை விடும், களிமண்ணை விடாது. துணி இல்லாவிட்டால் நாலைந்து வருடத்தில் ஜல்லியும் களிமண்ணும் கலந்து சேறாகிவிடும்.

ஜல்லிக்கு இங்கே கேட்க வேண்டிய பெயர் கிரானுலர் ஏ. முக்கால் அங்குல உடைகல்லிலிருந்து பொடி வரை எல்லா அளவும் கலந்தது. உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், எவ்வளவு இடித்தாலும் நகரும். நம் அளவுக்கு இடித்த பிறகு ஏறக்குறைய 5 கன யார்டு வேண்டும், 6 வாங்குங்கள்.

இந்த வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. எட்டு அங்குலத்தையும் ஒரே தடவை கொட்டினால் மேல் மூன்று அங்குலம்தான் இறுகும். பரப்பினதும் 3 அங்குலத்துக்குள் இருக்கும்படி நான்கு தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு எடுத்த பிளேட் காம்பாக்டரை (தரையை இடித்து இறுக்கும் மெஷின்) நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை ஓட்டுங்கள். ஜல்லி காய்ந்திருந்தால் இறுகாது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்திருந்தால் ஹோஸால் லேசாகத் தெளியுங்கள்.

இறுகியதா என்று எப்படித் தெரியும்? மெஷினின் சத்தம் மாறும். முதலில் 'தொப் தொப்' என்று அமுங்கும், பிறகு கணீரென்று துள்ள ஆரம்பிக்கும். குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் தடம் விழக் கூடாது. நீளமான மட்டப்பலகையை வைத்தால் அடியில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி வரக் கூடாது. இங்கே விட்ட பள்ளத்தை மணலால் நிரப்பலாம் என்று தோன்றும். அந்த மணல் அமுங்கும், கல்லும் அதோடு இறங்கும்.

5. மணல்

கான்கிரீட்டுக்குப் போடும் கழுவிய கொரகொர மணல்தான் வேண்டும். பாறைத்தூள் மலிவு, மட்டமாகவும் நிற்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் கதவை நிறுத்தியது அதுதான். ஓர் அங்குலக் குழாய் இரண்டை வாட்டத்துக்கு ஏற்ப வைத்து, மணலைக் கொட்டி, நேரான பலகையால் இழுங்கள். குழாயை எடுத்த தடத்தை நிரப்புங்கள். மணலை இப்போது இடிக்க வேண்டாம், மேலே நடக்கவும் வேண்டாம்.

6. கல் பதிப்பது

கண்ணுக்குத் தெரியும் பகுதி இது, ஆனால் இருப்பதிலேயே சுலபம். வீட்டுச் சுவர் நேராக இருக்கும் என்று நம்பாமல், கட்டிய நூலைப் பிடித்துப் போங்கள். பதித்த கல்மேல் முட்டி போட்டபடி முன்னேறுங்கள். நிறம் திட்டுத் திட்டாக வராமல் இருக்க இரண்டு மூன்று பேலட்டிலிருந்து (கல் அடுக்கி வரும் மரத்தட்டு) மாற்றி மாற்றி எடுங்கள். வெட்டுவதற்கு 10 சதவீதம் கூடுதல் கல் வேண்டும். வெட்டும்போது தண்ணீர் விட்டே வெட்டுங்கள், மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

7. ஓரக்கட்டும் இடுக்கு மணலும்

வெளியே விட்ட ஆறு அங்குல ஜல்லி ஓரக்கட்டுக்குத்தான். பிளாஸ்டிக் எட்ஜிங்கை இறுகிய ஜல்லிமேல் வைத்து, அடிக்கு ஒன்றாகப் பத்து அங்குல ஆணி அடியுங்கள். சிமென்ட் கலவையை ஓரத்தில் பூசுபவர்கள் உண்டு. சில குளிர்காலத்தில் அது பிளந்து, ஓரக் கற்கள் வெளியே நழுவும்.

மெஷினுக்கு அடியில் ரப்பர் பாய் மாட்டி கல்மேல் ஓட்டுங்கள். அப்புறம் பாலிமெரிக் மணலை (தண்ணீர் பட்டதும் இறுகும் பசை கலந்த மணல்) இடுக்குகளில் பெருக்கி நிரப்பி, மறுபடி ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் தெளிக்கும் முன் கல்மேல் ஒரு துளி மணல்கூட இல்லாமல் ஊதிவிடுங்கள். நான் சாயங்காலம் செய்தேன், பனி இறங்கிக் கல் நனைந்திருந்தது. ஈரத்தில் மணல் ஒட்டிப் படிந்த வெள்ளைப் படலம் இன்னும் இரண்டு கல்லில் இருக்கிறது. காய்ந்த கல், வெயில் நாள், ஒரு நாளைக்கு மழை இல்லாத வானிலை அறிக்கை, இவை மூன்றும் சேரும்வரை காத்திருங்கள்.

மே முதல் அக்டோபர் வரை வேலை செய்யலாம். உறைந்த மண்ணிலும் உறைந்த ஜல்லியிலும் போடவே கூடாது. குளிர்காலத்தில் பிளாஸ்டிக் மண்வாரியால் பனியைத் தள்ளுங்கள். வழுக்கினால் மணல் தூவுங்கள், உப்பு கல்லின் மேல்தோலை உரிக்கும். ஏப்ரலில் பனி முழுக்கக் கரைந்ததும் ஒரு சுற்று பாருங்கள். ஒன்றிரண்டு கல் இறங்கியிருந்தால், இரண்டு ஸ்க்ரூடிரைவரை இரண்டு பக்கமும் விட்டு நெம்பித் தூக்கி, அடியில் ஒரு கை மணல் போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டி வையுங்கள். இடுக்கில் புது மணல் போட மறந்துவிடாதீர்கள், அது சின்ன மூட்டையிலும் கிடைக்கும்.