நகத்தை அழகுபடுத்தப் போய்க் கெடுத்துக்கொள்கிறோமா?

கண்ணுக்குத் தெரியும் நகத்தில் உயிர் கிடையாது. முடியைப் போல அதுவும் கெரட்டின் என்ற புரதம்தான். உயிருள்ள பகுதி, விரல் தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் நகவேர். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனி வரை முழுசாகப் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். அதனால் பிளந்துபோன நகத்தை எந்த க்ரீமும் ஒட்டவைக்காது. வளர்ந்து, வெட்டி எறியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நகத்தின் அடிப்பகுதியில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, க்யூட்டிகிள் என்பார்கள். அதை வெட்டி எடுத்தால் விரல் பளிச்சென்று தெரிகிறது என்பதற்காகப் பலரும் வெட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். நகத்துக்கும் தோலுக்கும் இடையே தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். அது போனால் கிருமி உள்ளே இறங்கும். விரல் நுனி வீங்கிச் சீழ் பிடித்து, விண்விண்ணென்று தெறிக்கும். நகச்சுற்று வந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். குளித்தபின் தோல் ஊறியிருக்கும்போது துண்டால் லேசாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டாலே போதும். நக ஓரத்தில் துருத்தி நிற்கும் தோலையும் பல்லால் இழுக்கக் கூடாது. நானும் இழுத்துப் பார்த்து ரத்தம் வந்தபிறகு திருந்தியவன்தான். நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிட்டால் முடிந்தது.

அடுத்த எதிரி, யாரும் சந்தேகப்படாத தண்ணீர். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். பாத்திரம், துணி என்று ஒரு நாளில் பலமுறை இப்படி உப்பிச் சுருங்கினால் அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்து, நுனி ஏடு ஏடாகப் பிரிகிறது. “கால்சியம் குறைவு” என்று மாத்திரை தேடுவதற்கு முன்னால் ஒரு ரப்பர் கையுறை வாங்கிப் பாருங்கள். கை கழுவியபின் ஈரத்தைத் துடைத்து, கைக்குத் தடவும் எண்ணெயையோ க்ரீமையோ நகத்தின் மேலும் தேய்த்துவிடுங்கள்.

கால்சியம் என்றதும் ஞாபகம் வருகிறது: நகத்தில் அங்கங்கே தெரியும் வெள்ளைப் புள்ளிகளுக்கும் கால்சியத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. எப்போதோ நகவேரில் பட்ட சின்ன அடியின் தழும்புதான் அது. நகம் வலுப்பெறும் என்று பலர் விழுங்கும் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரையும் அப்படியே. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை. தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவுகளை அது தவறாகக் காட்டவும் செய்யும். சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, நெயில் பாலிஷ்? பூசலாம். அடர்நிறத்தை நேரடியாகப் பூசினால் மஞ்சள் கறை தங்கும். முதலில் நிறமில்லாத அடிப்பூச்சு ஒன்று போட வேண்டும். அசிட்டோன் கலந்த ரிமூவர் நகத்தை வறட்டிவிடும், எனவே வாரத்துக்கு நாலு தடவை நிறம் மாற்றும் ஆசையைக் குறைத்துக்கொள்வது நல்லது. விளக்கொளியில் காட்டி இறுகவைக்கும் ஜெல் பாலிஷில் பெரிய சிக்கல் எடுக்கும்போதுதான். ஓரம் தூக்கிக்கொண்டதும் கை சும்மா இருக்காது, உரித்துவிடுவோம். அதோடு நகத்தின் மேலடுக்கும் பெயர்ந்து வரும். ரிமூவரில் பொறுமையாக ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நகத்தை அரத்தால் தேய்க்கும்போது முன்னும் பின்னும் ரம்பம் போல அறுக்காமல் ஒரே திசையில் தேய்க்கவும், அதுவும் உலர்ந்திருக்கும்போது. நகத்தால் டப்பா மூடியை நெம்பாதீர்கள். அழுக்கெடுக்க ஊசியை உள்ளே விடவும் வேண்டாம். நகம் சதையிலிருந்து விலகிவிடும், விலகிய இடத்தில் பூஞ்சை குடியேறும்.

சில மாற்றங்களைப் பூச்சால் மறைப்பது ஆபத்து. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கறுப்பு அல்லது பழுப்புக் கோடு, அரிதாகத் தோல் புற்றுநோயாக இருக்கலாம். கரண்டி போல நடுவில் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவால் வரக்கூடும். குண்டூசியால் குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகள் சொரியாசிஸ் என்ற தோல் நோயில் வரும். இவற்றில் எதைக் கண்டாலும் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது மறக்காமல் எல்லா விரல்களிலும் பாலிஷை அழித்துவிட்டுப் போங்கள்.