பாய் வள்ளத்தில் பாறை பாறையாக: குளச்சல், முட்டம் பக்கம் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளச்சல் கரையில் நின்றிருந்தேன். இரண்டு இளைஞர்கள் ஒரு சின்ன பாய் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "எங்க போறீய மக்கா?" என்றேன். "கடியப்பட்டணம் பாறை வரைக்கும் போயிட்டு சாயங்காலம் வந்திருவோம் அண்ணே" என்றார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் என் கூட்டாளியும் இதே கரையில் இருந்து, இதே திசையில்தான் புறப்பட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தீவு என்று நினைத்துப் போவது

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவை தேசியப் பூங்கா, இஷ்டத்துக்கு இறங்க முடியாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலில் இருப்பவை பாறைகள்தான். மணல் கிடையாது, நிழல் கிடையாது, வள்ளத்தை இழுத்து ஏற்ற இடமும் கிடையாது. சுற்றிப் பார்க்கலாம், காற்று மறைவில் நிறுத்திச் சாப்பிடலாம், சிப்பி எடுக்க முங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏறி நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

காலைக் காற்றை நம்பிக் குளச்சலில் இருந்து புறப்படுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

தை, மாசியில் இங்கே காற்றுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. இரவில் கரை குளிர்ந்துவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. அதனால் விடியற்காலையில் கரையில் இருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். ஒன்பது, பத்து மணிக்கு அது செத்துவிடும். வெயில் ஏறிக் கரை சூடானதும் கடல்காற்று எழும்பும். மதியத்துக்கு மேல் மேற்கிலும் வடமேற்கிலும் இருந்து வலுக்கும். குளச்சலில் இருந்து முட்டம் தென்கிழக்கே, கடல் வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். காலையில் கரைக்காற்று பக்கவாட்டில் வீசி, இரண்டு மணி நேரத்தில் சுகமாகக் கொண்டுபோய்விடும். மதியம் திரும்பும்போது காற்று நேர் மூஞ்சியில் அடிக்கும்.

பாய் எதிர்க்காற்றில் நேராக ஓடாது. இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்துத்தான் ஏற வேண்டும். நல்ல பாய் காற்றுக்கு 45 பாகை வரை நெருங்கும். நம் பழைய பாய்கள் 60 பாகையை விட நெருக்கமாகப் போகாது. அந்தக் கணக்கில் 10 கிலோமீட்டர் வழி 20 கிலோமீட்டர் ஆகிவிடும். அலை பின்னுக்குத் தள்ளுவது தனி.

நானும் கூட்டாளியும் போன அன்று ஒரு மணிக்குப் பாறையை விட்டுத் திரும்பினோம். நான்கு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் முட்டம் கலங்கரை விளக்கம் அதே அளவில் அங்கேயே நின்றது. மூன்று மணி நேரமும் ஒரே தண்ணீரை உழுதிருக்கிறோம். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு கூட்டாளியின் உள்ளங்கையில் ஓடி ஓடித் தோலை உரித்திருந்தது. வெளிறிய நைலான் கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு ரத்தம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் மாற்றிப் பிடித்தான். அப்புறம் பாயின் நடுத்தையல், கோணிப்பையைக் கிழிப்பது போன்ற சத்தத்தோடு மேலிருந்து கீழ்வரை விட்டுப்போனது. இன்ஜின் வள்ளத்தில் வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தபோது இரவு எட்டு மணி. கூட்டாளி மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை.

இதற்கு வழி மிக எளிது, எரிச்சலே அதனால்தான். முட்டத்தில் இருந்து புறப்படுங்கள். கரைக்காற்று பக்கவாட்டுக் காற்று என்பதால் காலையில் எந்தப் பக்கமும் ஓடலாம். கடியப்பட்டணம் பாறைகளைப் பார்த்துவிட்டுக் குளச்சல் போங்கள், சாப்பிடுங்கள், மதியக் காற்று எழும்பியதும் அதை முதுகில் வாங்கித் திரும்புங்கள். பின்காற்றில் பாய் திடீரென்று மறுபக்கம் விழும், தலையைக் கவனித்துக்கொள்ளுங்கள். குளச்சலுக்குப் பஸ் வசதி அதிகம், டீக்கடை அதிகம், அதனால் எல்லோரும் அங்கேயே இறங்கி அங்கேயே ஏறுகிறார்கள். காலை இதமாக இருப்பதால் யார் சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. அந்த இரண்டு இளைஞர்களிடமும் சொன்னேன். "காத்து நமக்குச் சாதகமால்லா இருக்கு அண்ணே" என்றார்கள். மாலையில் அவர்களையும் கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள்.

தாமானைக் கட்டிவைப்பது

கட்டாதீர்கள், பெருங்காற்று அடித்தால் உடனே விட முடியாது. கையில் பிடியுங்கள்.

பாறையில் ஒற்றைக் கயிற்றோடு நங்கூரம் போடுவது

பாறை இடுக்கில் நங்கூரம் சிக்கினால் மேலிருந்து இழுக்க இழுக்க இறுகும். நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையில் ஒரு மிதவையைப் போட்டுவிடுங்கள். சிக்கினால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்புறமாக இழுங்கள், பெரும்பாலும் கழன்றுவிடும்.

காற்று இல்லை என்பதால் கடலை நம்புவது

கள்ளக்கடல் என்று சொல்லும் திடீர்க் கடல் கொந்தளிப்பு காற்றோடு வருவதில்லை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைவில் அடிக்கும் புயலில் கிளம்பிய அலை, நாட்கள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாகத்தான் இருக்கும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படி ஓர் எச்சரிக்கை அமலில் இருந்த சமயத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. முந்தின இரவே பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பாறைப் பக்கம் போகவே வேண்டாம். ஆழத்தில் தெரியாத அலை பாறையடியில்தான் எழும்பி உடையும்.

விவேகானந்தர் பாறைக்குச் சொந்த வள்ளத்தில் போக நினைப்பது

வேண்டாம். பூம்புகார் கப்பல் கழகத்தின் படகில் போங்கள்.

யாரிடமும் சொல்லாமல் போவது

எந்தக் கரையில் இருந்து, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கையில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. இருட்டிய பிறகும் நீங்கள் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று அவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அன்று கூட்டாளியின் அம்மா ஆறு மணியில் இருந்து மணலில் நின்றிருந்தார். யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.